பண்ணையார் வேடம்

மீசை அரிக்கிறது. எனக்குச் சொந்தமாகவே ஒரு மீசை உண்டு, பக்கத்துத் தாலுகா சப்-இன்ஸ்பெக்டர்கள் வரைக்கும் அறிந்த மீசை. அது போதாது என்று அதன்மேலேயே பசை தடவி இன்னொன்றை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார் மேக்கப்காரர். சொறியக் கூடாதாம், கழன்றுவிடுமாம். சொறியக் கூடாது என்று நினைக்க நினைக்க அரிப்பு மூக்கு வழியாக ஏறிக் கண்ணுக்குப் போகிறது. வெயிலும் ஏறுகிறது. நீச்சல் குளத்துக்கும் கார்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு குடிசை போட்டு, 'நம்ம ஊரு பொங்கல்' என்று பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே, கடலைப் பார்த்த பக்கம், வானம் முட்டும் அடுக்குமாடிகள். அவற்றின் காலடியில் இந்தக் குடிசை. குடிசை என்றால் குனிந்து நுழையவேண்டும், இதில் ஆறடி ஆள் நிமிர்ந்தபடி போய் வருகிறார். முறத்தைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். மண்பானைக்குக் கீழே விறகு, விறகுக்குக் கீழே கரண்ட் அடுப்பு. குடிசைக்கு முன்னால் கைப்பிடியில் சிங்கமுகம் செதுக்கிய நாற்காலி. அதில் பட்டு வேட்டி, தோளில் சரிகைத் துண்டு, தலையில் உருமால், கழுத்தில் பித்தளைச் சங்கிலியோடு நான். பக்கிரிசாமி. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் வட்டச் செயலாளர். கீழத்தஞ்சைப் பண்ணையார்களின் தூக்கத்தைக் கெடுத்தவர் என்று மேடைகளில் என்னை அறிமுகப்படுத்துவார்கள். பெரும்பாலும் அந்த வரியை நான்தான் எழுதிக் கொடுத்திருப்பேன், ஆனால் வரி உண்மை. இன்று என் வேடம் பண்ணையார். வேட்டியைக் கட்டக்கூட விடவில்லை. ஒட்டிக்கொள்ளும் வேட்டி. இடுப்பில் சர்ரென்று ஒரு இழுப்பு, முடிந்தது. ஒரு நிலப்பிரபு உருவாக இவ்வளவு குறைந்த நேரம் ஆகும் என்று நான் படித்த எந்தத் துண்டறிக்கையிலும் போட்டிருக்கவில்லை.

எல்லாம் என் மகளுக்காக. மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள், கையில் தண்ணீர் பாட்டில், கண் என்மேல். விண்வெளிக்குப் போன ரஷ்யப் பெண்ணின் பெயரை அவளுக்கு வைத்தேன், வாலன்டினா என்று. இங்கே எல்லோரும் டினா என்கிறார்கள். வீட்டில் அவள் எனக்குப் பாப்பா. வாடகை வீடு, புருஷன் துபாயில், நான் வந்து சேர்ந்தது போன வருஷம். வந்த கொஞ்ச நாளில் சுதந்திர தினக் கொடியேற்றம், யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். அழைத்தால் பேசாமல் இருக்க நான் என்ன தபால் பெட்டியா? கூட்டிப் பெருக்குகிற பெண்கள் ஏன் குப்பை லிஃப்டில் மட்டும் போகவேண்டும் என்று கேட்டேன். ஒரு கேள்விதான். பிறகு அதற்கு விளக்கமாகக் கொஞ்சம். பிறகு அந்த விளக்கத்துக்கு வரலாற்றுப் பின்னணி. கொடிக்குக் கீழே ஒரு குழந்தை மயங்கி விழுந்ததை என் கணக்கில் எழுதிவிட்டார்கள், வெயிலுக்கு நானா பொறுப்பு? அன்றிலிருந்து லிஃப்டில் பாப்பாவைப் பார்த்தால் எல்லோரும் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நவராத்திரிக் கொலுவுக்கு யாரும் கூப்பிடவில்லை. கொலு ஒரு மூடநம்பிக்கை, கூப்பிடாதது நல்லதே என்று ஆறுதல் சொன்னேன், அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள். வீட்டு ஓனர் போன் செய்து, உங்க அப்பா அங்கேயே இருக்கப் போறாரா என்று கேட்டார். அப்படிப்பட்ட நிலையில்தான் போன வாரம் சங்கச் செயலாளர் முரளிதரன் வந்து மணி அடித்தார். சங்கம் என்றால் குடியிருப்போர் சங்கம். அந்தச் சொல்லையும் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். "டினா மேடம், அப்பாவுக்கு நல்ல பெர்சனாலிட்டி. வந்து உட்கார்ந்தா போதும், அப்புறம் அந்தக் கால கிராமத்து வாழ்க்கையைப் பத்தி ரெண்டு நிமிஷம் ஜாலியா பேசணும்" என்றார். பாப்பாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை, நான் ஜெயிலிலிருந்து வந்த எந்த நாளிலும் பார்த்ததில்லை. மன்னிப்பு வீடு தேடி வந்திருக்கிறது. எனக்கு அல்ல, அவளுக்கு. கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, ஒரே ஒரு நாள். ஒழிக கிடையாது. கூலி கிடையாது. வர்க்கம் கிடையாது. லிஃப்ட் கிடையவே கிடையாது. சின்ன வயசுல ஊர்ல நடந்த நல்லது ஏதாவது ஒண்ணு சொல்லிட்டு இறங்கிடுங்க." "நல்லதா?" என்றேன். "ஏதாவது ஒண்ணு இருந்திருக்கும்ப்பா" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். பண்ணையார் வேடம் என்று இன்று காலையில் சங்கிலி போடும்போதுதான் தெரிந்தது. அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என் உருமாலைப் பார்த்தாள். "நல்லா இருக்குப்பா" என்றாள், செத்த குரலில்.

இருந்திருக்கும். ஏதாவது ஒன்று இருந்திருக்கும். மேடையில் சின்னப் பெண்கள் கும்மி அடிக்கிறார்கள், அது முடிந்தால் கோலப் பரிசு, அதன்பின் நான். அதற்குள் ஒன்றைப் பிடிக்கவேண்டும். குளம். குளத்தைச் சொல்லலாம், எல்லோருக்கும் குளம் பிடிக்கும். கோடையில் குதித்து, அடிமண் எடுத்து வருவது, கண் சிவக்கக் குளிப்பது, ஆஹா. ஆனால் எந்தக் குளம்? ஊர்க் குளத்தில் எங்கள் நிழல் விழக்கூடாது. நாங்கள் குளித்தது வடிகால் வாய்க்காலில், எருமைகளோடு, அதிலும் எருமைகள் குளித்து முடித்த பிறகு. எருமை யாருடையது? பண்ணையுடையது. வேண்டாம், குளத்தை விடு. மாம்பழம். சாறு முழங்கையில் ஒழுக ஒழுக... யார் மரம்? சரி, பனம்பழம். பனம்பழத்துக்கு யாரும் காவல் போடமாட்டார்கள், விழுவது எடுத்தவர்க்கு என்று இருந்தது, சுட்டுத் தின்றால் வாய் முழுக்க மஞ்சள் நார். இது நல்லது. இது சுத்தமான ஞாபகம். பல்லில் சிக்கிய நாரோடு எருமை மேல் உட்கார்ந்திருக்கிறேன், எருமை என் போக்குக்கு வராமல் நேராக நாற்றங்காலுக்குள் இறங்குகிறது, பண்ணையின் காரியக்காரர் வரப்பில் வந்துகொண்டிருக்கிறார், கையில்... போச்சு. பனம்பழமும் போச்சு. பள்ளிக்கூடம்? வாசற்படிக்கு வெளியே நின்று கேட்டேன். ஆனா ஆவன்னா எனக்கு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில்தான் தெரியும், இன்றும் ஆவன்னாவை நினைத்தால் குறுக்கே ஒரு கம்பி வருகிறது. மீதிப் படிப்பு முழுக்கச் சங்கத்தின் துண்டறிக்கைகளில். அதனால்தான் நான் எழுதிய முதல் காதல் கடிதம் 'உழைக்கும் மக்களே' என்று ஆரம்பித்தது. அதைப் படித்தவள்தான் எனக்கு வாய்த்த மனைவி, சிரித்துக்கொண்டே சம்மதித்தாள், அது ஒரு நல்லது, ஆனால் சின்ன வயசு இல்லை. சின்ன வயசு. நாடகம்! திருவிழா நாடகம், விடிய விடிய. இதைச் சொல்லலாம். மேடைக்குப் பின்னால்தான் எங்களுக்கு இடம், அதனால் நான் பார்த்த ராஜாக்கள் எல்லோரும் முதுகுகள். முன்னால் ஜரிகை, பின்னால் கோணிச்சாக்குத் தையல், நடுவில் ஒரு ஊக்கு. ராஜா 'யாரங்கே' என்று கர்ஜிக்கும்போது அந்த ஊக்கு விடுபட்டுவிடுமோ என்று பயந்துகொண்டே இருப்பேன். இது நன்றாக இருக்கிறது, சிரிப்பார்கள். ஆனால் யாராவது கேட்பார்கள், ஏன் பின்னால உட்கார்ந்தீங்க அங்கிள்? கேட்டால் சொல்லவேண்டும். சொன்னால் வரலாற்றுப் பின்னணி. பாப்பா பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்து மூடுகிறாள்.

"பண்ணையார் ஐயா, கால் மேல கால் போடுங்க, கெத்தா இருக்கணும்!" முரளிதரன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் இல்லாதவர், அதுதான் கஷ்டம். கெட்டவர்களோடு எனக்குப் பழக்கம் உண்டு. காலைத் தூக்கி மேலே போட்டேன். எடுத்துவிட்டேன். கால் மேல் கால் போட்டதற்குத்தான் என் சித்தப்பாவைப் புளியமரத்தில் கட்டினார்கள், காலுக்கே அது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. தோள் துண்டும் அப்படித்தான், ஊரில் அவர்கள் தெருவுக்குள் நுழைந்தால் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கவேண்டும். இந்தச் சரிகைத் துண்டு என் தோளில் பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது, எப்போது நகம் போடும் என்று தெரியவில்லை. இதில் மூத்திரம் வேறு வருகிறது. ஒட்டு வேட்டியைப் பிரித்தால் திரும்ப ஒட்டுவேனா? பண்ணையார்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அவர்கள்தான் கட்டினார்களே. எங்கள் ஊர்ப் பெரிய பண்ணைக்காரரும் இப்படி நெளிந்திருப்பாரோ, விசேஷ நாளில், எல்லோரும் கும்பிட்டு நிற்க, எழுந்து போக முடியாமல்? சே, என்ன இது, நாற்காலியில் உட்கார்ந்த அரை மணியில் அனுதாபம் வருகிறது. மனிதனின் சமூக இருப்புதான் அவன் சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்று படித்தது சரியாகத்தான் இருக்கிறது, சிங்கமுகக் கைப்பிடி என் மூளையில் வேலை செய்கிறது.

எதிரே தரையில் உரலும் உலக்கையுமாக மூன்று பெண்கள். கண்டாங்கிச் சேலை, காதில் பிளாஸ்டிக் தண்டட்டி. வயலில் வேலை செய்கிறவர்களாம். எங்கள் மாடியைக் கூட்டுகிற அஞ்சலாட்சியும் மற்ற இருவரும்தான். குடியிருப்போர் யாருக்கும் உலக்கை பிடிக்க வராது, அதனால் இவர்களையே பிடித்துப் போட்டுவிட்டார்கள். பொங்கல் நாளும் அதுவுமாக. நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன், "ஏம்மா அஞ்சலாட்சி, இன்னிக்கு உங்களுக்கு லீவு இல்லையா?"

"லீவா?" உலக்கையை நிறுத்தாமல் சிரித்தாள். "காலையில கூட்டியாச்சு, இப்ப குத்தறோம், சாயங்காலம் திரும்பக் கூட்டணும். ஏன், பண்ணையார் லீவு குடுக்கறீங்களா?"

"நான் பண்ணையார் இல்ல."

"மீசை ஆமாங்குதே." மற்ற இருவரும் உலக்கையோடு குலுங்கினார்கள். "சும்மா வாயை வெச்சுக்கிட்டு உக்காருங்க ஐயா. டினாம்மா பாவம். எங்களுக்கு இந்தப் புடவைய வெச்சுக்கச் சொல்லிட்டாங்க. நீங்க ஏதாவது பேசி அதையும் வாங்கிட்டுப் போயிடப் போறாங்க."

அவளுக்கு வர்க்க உணர்வு இல்லை என்று நினைத்தேன். பிறகு, புடவை இருக்கிறது என்று நினைத்தேன். அப்போது ஒரு அம்மாள் போனோடு வந்தார், கூடவே குடிசைச் சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருந்த சாட்டையும். "அங்கிள், ஒரு ஃபன்னி போட்டோ. நீங்க சாட்டையை ஓங்கணும், இவங்க பயப்படணும்." சாட்டையை என் கையில் வைத்துவிட்டார். நல்ல சாட்டை. காற்றில் சுழற்றிக் காட்டினால் சத்தம் வருமே, அதே எடை. அஞ்சலாட்சி முகத்தைக் கோணிக்கொண்டு, கைகளைத் தலைக்கு மேல் வைத்து, "ஐயோ சாமி அடிக்காதீங்க" என்று அருமையாக நடித்தாள், எங்கள் நாடக ராஜாக்களுக்கே அவ்வளவு வராது. எல்லோரும் சிரிக்கிறார்கள். பாப்பா எழுந்து நின்றுவிட்டாள், சிரிக்கவில்லை, உதடு மட்டும் 'அப்பா' என்கிறது. கையை ஓங்கு. போட்டோதானே. ஒரு கிளிக். கை வரவில்லை. என் கை எத்தனையோ கூட்டத்தில் தானாக மேலே போன கை, முஷ்டியாக, யாரும் சொல்லாமலே. இப்போது சொல்லச் சொல்ல மடியிலேயே கிடக்கிறது. "தோள்பட்டை வலிங்கம்மா" என்றேன். "ஓ, ஸோ சாரி அங்கிள்" என்று அந்த அம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டுச் சாட்டையைத் தானே வாங்கி ஓங்கிப் படம் எடுத்துக்கொண்டார். தைலம் கொடுத்தனுப்புகிறேன் என்றார். பாப்பா உட்கார்ந்தாள். பொய் சொல்லி ஒரு பிரச்சினையைத் தீர்த்தது என் பொதுவாழ்வில் இதுவே முதல் தடவை என்று எழுதலாம், யாரும் நம்பமாட்டார்கள்.

கோலப் பரிசு கொடுக்கிறார்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, அழுகிற ஒருவருக்கு ஆறுதல் பரிசு. நேரம் இல்லை. மாட்டுப் பொங்கல்? மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்குச் சாயம் பூசி மாலை போட்டு, வாழை இலையில் பொங்கல் வைப்பார்கள். நாங்கள் சட்டியோடு கொல்லைப்புறம் நின்று மாடு சாப்பிட்டு முடிக்கும்வரை... வேண்டாம். இது என்ன கஷ்டம்! ஒரு பால்யத்தில் கையகலம் இடம்கூடப் பண்ணையாருக்குப் பாத்தியப்படாமல் இல்லையா? எங்கே தோண்டினாலும் அந்த ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அல்லது நான் இத்தனை வருஷம் மேடைக்கு மேடை பேசிப் பேசி, நல்லதையெல்லாம் நானே அடித்துத் திருத்திவிட்டேனா? இந்தப் பயம் சில நாட்களாக இருக்கிறது. ஞாபகங்களைச் சொற்பொழிவுக்காக நான் அறுத்த அறுப்பில், வேண்டாதது என்று வெட்டி எறிந்த துண்டுகளில், எது விழுந்துபோனதோ. அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். முதலில் வருவது முகம் இல்லை, சேற்று வாசனை. காத்தாயி, என் அம்மா. விடியுமுன் போவாள், இருட்டிய பின் வருவாள். இருட்டில் ஒரு கை, இருட்டில் ஒரு குரல், டேய் பக்கிரி தின்னியா. விளக்குக்கு எண்ணெய் ஏது.

"அடுத்து நம்ம பண்ணையார் பேசுவார்!" கைதட்டுகிறார்கள். எழுந்தேன். ஒன்றும் கையில் இல்லை. வேட்டி கீழே இறங்கவில்லை, அதுவரைக்கும் சரி. மைக்கை நோக்கி நடக்கையில் குனிந்த அஞ்சலாட்சியைக் கடந்தேன், வெயில் அவள் தலைமேல் விழுந்தது, முடி செம்பட்டை. செம்பட்டையா? தினமும் பார்க்கிற பெண். ஆனால் நான் பார்த்ததெல்லாம் நடைபாதையின் டியூப்லைட்டில், துடைப்பத்தோடு குனிந்த முதுகு. வெளிச்சத்தில் இன்றுதான். மூக்கோரம் ஒரு மச்சம்கூட இருக்கிறது. நின்றுவிட்டேன். முரளிதரன் வந்து என் முழங்கையைப் பிடித்து மைக்குக்கு முன்னால் நிறுத்தினார். அம்மாவுக்கும் செம்பட்டை முடிதான். எனக்கு எப்படித் தெரியும்? பார்த்திருக்கிறேன். பகலில் பார்த்திருக்கிறேன். எப்போது? எப்போது என்று மைக்குக்கு முன்னால் நான் யோசிப்பதை எல்லோரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பெரிய பீடிகை என்று நினைத்திருப்பார்கள். வந்துவிட்டது. வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு ஆறேழு வயசு இருக்கும்" என்றேன். "எங்க அம்மாவை நான் பகல்ல பார்த்ததே இல்ல. அறுப்புக் காலத்துல ஒரு நாள் கண்ணு முழிக்கிறேன், நல்லா விடிஞ்சு கிடக்குது, பக்கத்துல ஒரு பொம்பளை படுத்துத் தூங்குறா. யாரோன்னு பயந்து அலறிட்டேன். குரலைக் கேட்டப்புறம்தான் அம்மான்னு தெரிஞ்சுது." சிரித்தார்கள். "அம்மா முடி செம்பட்டைன்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். அம்மாவுக்குச் சிரிச்சா ஒரு கன்னத்துல மட்டும் குழி விழும்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். அன்னிக்கு அவ வேலைக்குப் போகல. மறுநாளும் போகல. தெருவுல எந்தப் பொம்பளையும் போகல. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி செஞ்சு, எனக்குன்னுதான் செஞ்சா, குடுக்காம அவளே ஊதுனா. எதிர்வீட்டு அம்மாவும் ஊதுச்சு. வாய்க்கால் கரை பூரா பெரிய பொம்பளைங்க பீப்பி ஊதுறாங்க. ஊதி முடிச்சு, சேலையை இழுத்துச் செருகிக்கிட்டுப் பாண்டி ஆடுனாங்க. நொண்டி அடிச்சு. எங்க அம்மா கோட்டை மிதிச்சுட்டு மிதிக்கலன்னு சண்டை போட்டா. வயல் நண்டைச் சுட்டுத் தின்னோம். பசிதான். ஆனா பசியிலே அவ்வளவு சிரிச்சது அதுக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல." மீசையின் ஒரு பக்கம் காற்றில் படபடக்கிறது, கழன்றுவிட்டது போல. போகட்டும். தேடித் தேடிப் பார்க்கிறேன், அந்த வாய்க்கால் கரையில் எங்குமே பண்ணையார் இல்லை. முற்றின கதிரோடு அவர் தனியே வயலைப் பார்த்துக்கொண்டு எங்கேயோ நின்றிருப்பார். நான் எதுவும் மீறவில்லை. ஒழிக இல்லை. கூலி இல்லை. வர்க்கம் இல்லை. நல்லது ஒன்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். முரளிதரன் நெகிழ்ந்துபோய், "சூப்பர் சார், அது என்ன பண்டிகை? பொங்கலா, ஆடிப்பெருக்கா?" என்று கேட்டார்.

பாப்பாவைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். அந்த வருஷ அறுப்பு வேலைநிறுத்தத்தைப் பற்றி என் எல்லாச் சொற்பொழிவிலும் கேட்டு வளர்ந்தவள். மாவட்டம் முழுக்க நடந்தது, எத்தனை பேர் உள்ளே போனார்கள், கடைசியில் எவ்வளவு நெல் கூடுதலாகக் கிடைத்தது, எல்லாம் மனப்பாடம். பாண்டி மட்டும் அவள் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள்.

"பண்டிகை இல்லீங்க" என்றேன், அதோடு நிறுத்தினேன். வாக்கு வாக்குதான்.

தரையிலிருந்து அஞ்சலாட்சி கேட்டாள், நிஜமாகவே தெரிந்துகொள்ள: "அப்ப லீவு விட்டாங்களா ஐயா?"

"யாரும் விடல."

"அப்புறம்?"

"அவங்களா எடுத்துக்கிட்டாங்க."

அஞ்சலாட்சி உலக்கையை உரலில் சாய்த்து வைத்தாள், தண்டட்டியைக் கழற்றினாள், காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். மற்ற இருவரும் அவளைப் பார்த்து உலக்கையை வைத்தார்கள். சத்தம் நின்ற பிறகுதான் இவ்வளவு நேரம் ஒரு சத்தம் இருந்தது தெரிந்தது. வரிசைகளில் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு எல்லோரும் மெல்லத் திரும்பிப் பாப்பாவைப் பார்க்கிறார்கள். லிஃப்டில் போனைப் பார்ப்பவர்கள் இப்போது அவளையே. நான் ஒண்ணும் சொல்லலையே பாப்பா, நல்லதுதானே சொன்னேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். முரளிதரன் சிரிப்பை விடாமல், "ஓகே, ஓகே, தேங்க்யூ சார், நேரமாயிடுச்சு" என்று மைக்குக்காகக் கையை நீட்டினார்.

பாப்பா எழுந்தாள். பாட்டிலை நாற்காலியில் வைத்தாள்.

"முரளி சார்," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அப்பா இன்னும் முடிக்கல."

முடித்திருந்தேன். சொல்வதற்கு என்னிடம் ஒரு வார்த்தைகூட மீதம் இல்லை. இருந்தாலும் மைக்கைக் கொடுக்கவில்லை.